உயிலா, செட்டில்மெண்டா? வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

"நான் உயில்தான் எழுதிக் கொடுத்தேன் தம்பி. என் காலத்துக்கு அப்புறம் வீடு பெரியவனுக்குன்னு சொல்லித்தான் கைநாட்டு வெச்சேன்" என்றார் அந்த அம்மா. வயது 74. மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த பத்திரத்தின் தலைப்பிலேயே 'தான செட்டில்மெண்ட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'இன்று முதல் மேற்படி சொத்தை நீயே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த 'இன்று முதல்' என்ற இரண்டு சொல்லை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

எங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் வாரம் ஒருநாள் தன்னார்வலராக உட்காருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. மனு எழுத உதவுவது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வது, அவ்வளவுதான் என் வேலை. அங்கே வரும் வயதானவர்களில் பலருடைய கதை இந்த அம்மாவின் கதைதான். அதனால் சொத்து ஏற்பாடு என்ற விஷயத்தை அடிப்படையிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். பெரும்பாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு எங்கே மாறும் என்பதையும் இடையில் சொல்கிறேன்.

முதலில் உயில். உயில் என்பது, எழுதியவர் கண் மூடிய பிறகு மட்டுமே உயிர்பெறும் காகிதம். அதுவரைக்கும் வீடு எழுதியவருடையது. அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். பத்து உயில் எழுதினாலும் கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மெண்ட் அப்படி இல்லை. பதிவாகி, வாங்குகிறவர் ஏற்றுக்கொண்ட அன்றே சொத்து கைமாறிவிடும். பட்டா பிள்ளையின் பெயருக்குப் போகும். பிள்ளை அதை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம், மூன்றாம் நபருக்கு விற்கவும் செய்யலாம். "மனசு மாறிவிட்டது, ரத்து செய்கிறேன்" என்று தனியாகப் போய் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் செல்லாது.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் செட்டில்மெண்ட் எழுதுகிறார்கள்? காரணம் இருக்கிறது. குடும்பத்துக்குள் எழுதினால் கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட முத்திரைத் தீர்வை மிகக் குறைவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. இறந்த பிறகு உயிலை நிரூபிக்கும் அலைச்சல் இல்லை. மற்ற பிள்ளைகள் பின்னால் வந்து கேள்வி கேட்கவும் இடம் குறைவு. அதனால் வாங்கப் போகிறவர்தான் பெரும்பாலும் செட்டில்மெண்டை விரும்புவார். கொடுக்கிறவருக்கு அதில் என்ன நன்மை என்று யோசித்துப் பாருங்கள். மனநலம் குன்றிய ஒரு மகளுக்குப் பாதுகாப்பாகச் சொத்தை ஒதுக்குவது போன்ற சில சந்தர்ப்பங்களைத் தவிர, குடியிருக்கும் ஒரே வீட்டை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்காதீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பிள்ளை தங்கமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கே நாளை ஏதாவது ஆகிவிட்டால்? வீடு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பங்காகும். தாய்க்கும் ஒரு பங்கு வரும், ஆனால் முழு வீடு வராது. தந்தை எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு ஒன்றுமே வராது. இறந்த மகனின் முதல் நிலை வாரிசுகளில் தாய் உண்டு, தந்தை கிடையாது. தானே கட்டிய வீட்டில் அந்தத் தந்தை சட்டப்படி விருந்தாளி ஆகிவிடுவார்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் இரண்டு விஷயங்களைப் பத்திரத்தில் எழுத்தில் போடுங்கள். ஒன்று, ஆயுள்கால அனுபவ பாத்தியம்: 'என் ஆயுள் வரையிலும், என் மனைவி ஆயுள் வரையிலும் மேற்படி வீட்டில் வசிக்கவும் வாடகை வசூலித்துக்கொள்ளவும் எங்களுக்கே உரிமை, அதுவரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது' என்ற மாதிரி. இன்னொன்று, பராமரிப்பு நிபந்தனை: உணவு, உடை, இருப்பிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றைச் செய்து கொடுக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்று. 'அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டாவது வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பது அடுத்து வரும் சட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

எழுதிக் கொடுத்த பிறகு கைவிட்டால்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. அறுபது வயது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள். பெற்றோர் என்றால் அந்த வயது வரம்பும் இல்லை, ஐம்பத்தைந்து வயது தாயும் மனு கொடுக்கலாம். பிள்ளையில்லாதவர்கள் என்றால், அவர்களுடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரிடம் பராமரிப்பு கேட்கலாம்.

இந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுதான் அந்த அம்மாவைப் போன்றவர்களுக்குக் கதவு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ வாங்கப்பட்டதாகக் கருதி, எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டுமா என்பதில்தான் இழுபறி. நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியவர்களுக்காக வந்த சட்டம், அதன் நோக்கத்தை மனதில் வைத்துத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது; தாய்க்கே வீட்டைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அந்த வழக்கில் மகன் தனியாக எழுதிக் கொடுத்திருந்த ஓர் உறுதிமொழிக் காகிதம் தாய்க்குக் கை கொடுத்தது. ஆகவே எழுத்தில் ஒரு வரி இருந்தால் வாதாடும் வேலை பாதியாகக் குறையும்.

தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயம் நடத்துபவர் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வெள்ளைத் தாளில் மனு எழுதி, பத்திர நகல், வயதுக்கான ஆதாரம், ஆதார் அட்டை நகல், மருந்துச் சீட்டுகள் இருந்தால் அவையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். நேரில் போக முடியாதவர்கள் வேறொருவர் மூலம் கொடுக்கலாம். மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்டும் இதே இடத்தில் மனு கொடுக்கலாம். சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கிறது. அதனால் மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள், வாய்தா தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். எங்கே போவது என்றே தெரியாத முதியவர்கள் 14567 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம். அது முதியோருக்காகவே நாடு முழுவதும் இயங்கும் உதவி எண்.

பெற்ற பிள்ளை மீது மனு கொடுப்பதா என்று பலர் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறார்கள். மனு கொடுத்தவுடன் போலீஸ் வந்துவிடும் என்ற பயம் வேறு. இது குற்ற வழக்கு இல்லை. முதலில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசத்தான் பார்ப்பார்கள். பல வீடுகளில் அந்த முதல் நோட்டீஸுக்கே சாப்பாட்டுத் தட்டு திரும்பி வந்துவிடுகிறது.

உயில் எழுதுவது எப்படி

சரி, உயிலுக்கு வருவோம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலும் செல்லும். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், எழுதும் நேரத்தில் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். உயில் எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதை இரண்டு சாட்சிகள் பார்த்து, அவர் முன்னிலையில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்தச் சாட்சி விஷயத்தில்தான் பெரும்பாலான உயில்கள் கவிழ்கின்றன. எழுதியவர் இறந்த பிறகு பிரச்சினை வந்தால், சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து, "ஆமாம், என் கண்ணெதிரே வைத்த கையெழுத்து" என்று சொல்ல வேண்டும். எண்பது வயதுக்காரர் தன் எண்பது வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாகப் போட்டால் என்ன ஆகும்? உங்களைவிட இளையவராக, ஊரிலேயே இருப்பவராக, சொத்தில் பங்கு வாங்காதவராகப் பாருங்கள். பங்கு கிடைக்கப் போகிற மகனோ மருமகனோ சாட்சிக் கையெழுத்துப் போடவே கூடாது.

பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் பதிந்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பதிந்த உயில் தொலையாது, மாற்றி எழுதிவிட்டார்கள் என்ற பேச்சும் எழாது. பதிந்துவிட்டால் அதை மாற்ற முடியாது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. அது தவறு. பதிந்த உயிலுக்குப் பிறகு வீட்டிலேயே முறையாக எழுதிய பதியாத உயில் இருந்தால்கூட அந்தப் பிந்தைய உயில்தான் செல்லும். யாருக்கும் தெரியக்கூடாது என்றால், உறையில் போட்டு அரக்கு வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியும் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது.

வயதும் உடல்நிலையும் தளர்ந்திருந்தால், அதே நாளில் ஒரு மருத்துவரிடம் மனத்தெளிவோடு இருப்பதாகச் சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். சொத்தை அடைபவரே எழுத்தரைக் கூட்டிவந்து, அவரே சாட்சி பிடித்து, அவரே எல்லாம் செய்திருந்தால் அது சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை என்று உச்ச நீதிமன்றம் 1958லேயே சொல்லிவிட்டது. அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பும் உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்பவருடையதுதான். ஆகவே அப்பாவுக்கு உதவி செய்ய நினைக்கும் பிள்ளைகள் அன்றைக்கு ஒரு நாளாவது ஒதுங்கி நிற்பது அவர்களுக்கே நல்லது.

உயிலில் சொத்து விவரம் தெளிவாக இருக்க வேண்டும். சர்வே எண், பட்டா எண், விஸ்தீரணம், நான்கு எல்லை. 'என் வீட்டை மூத்த மகனுக்கு' என்று மொட்டையாக எழுதிவிட்டு, பின்னால் இரண்டு வீடு இருந்து சண்டையான குடும்பத்தை எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு ஒன்றும் வைக்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்: 'என் மகளுக்குத் திருமணத்தின்போது இன்ன மனையைக் கொடுத்துவிட்டபடியால்' என்பதுபோல. அந்த ஒரு வரி, பின்னாளில் அவள் மனதில் அப்பா என்னை மறந்துவிட்டார் என்ற கசப்பு தங்காமல் பார்த்துக்கொள்ளும். உயிலை நடைமுறைப்படுத்த நம்பிக்கையான ஒருவரை நிறைவேற்றுநராகவும் குறிப்பிடலாம்.

தன் சொத்தைத்தான் உயில் எழுத முடியும். பூர்வீகச் சொத்து என்றால் அதில் தன் பங்கை மட்டும். அந்தப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை 2005 திருத்தத்தில் வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே 1989இல், அப்போது திருமணமாகாதிருந்த பெண்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. 'கட்டிக் கொடுத்தாச்சு, இனி அவளுக்கு என்ன' என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. முஸ்லிம்கள் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது; வாரிசாக வரப்போகிறவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்கள் திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணமானதும் ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

எழுதாமல் போனால்

"எங்க வீட்ல ஒரே பிள்ளை, எதுக்கு உயில்?" என்று கேட்பார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென்று இறந்துவிடுகிறார். மனைவி, மகன், மகள், வயதான தாய் இருக்கிறார்கள். உயில் இல்லை. அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மாமியாரும் பங்குதாரர் என்பதே பல மனைவிகளுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போதுதான் தெரிகிறது. தாய்க்கு வயதான காலத்தில் ஒரு பிடிமானம் இருப்பது நியாயம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாயும் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய கால் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் அந்த வீட்டில் பங்காளி. வீட்டை விற்க அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும்.

பிள்ளையில்லாத பெண்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கணவன் இறந்துவிட்டார், பிள்ளையும் இல்லை என்றால், ஒரு பெண் தானே சம்பாதித்த சொத்துகூட அவளுடைய தாய் தந்தைக்கு முன்னால் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். திருமணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, தாய் வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சேமித்த ஒரு பெண்ணின் பணத்தை அவளுடைய தாய் கேட்டார். சட்டம் இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி 2009இல் உச்ச நீதிமன்றம் கணவன் வீட்டாருக்கே கொடுத்தது. அந்தப் பெண் ஒரு பக்கம் உயில் எழுதியிருந்தால் போதும். தனியாக வாழும் அக்காக்கள், அத்தைகள் வீட்டில் இருந்தால் இதைத் தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

நாமினி போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. வங்கியில் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கும் ஆள் மட்டுமே. உரிமை வாரிசுகளுக்கோ, உயிலில் பெயர் உள்ளவருக்கோதான். கம்பெனிப் பங்குகளுக்கும் (ஷேர்) அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் தொகையில் அவர்களுக்கே உரிமை என்று சட்டம் சொல்கிறது. 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்கில் நான்கு நாமினிகள் வரை போடலாம். போடுங்கள், ஆனால் உயிலும் நாமினியும் ஒன்றுக்கொன்று முரணாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறப்புக்கு முன் வரும் இன்னொரு நிலையைப் பலரும் யோசிப்பதில்லை: உயிர் இருக்கும், நினைவு இருக்காது. பக்கவாதம், மறதிநோய், கோமா. "பவர் பத்திரம் எழுதி வெச்சிருக்கோம்" என்பார்கள். எழுதிக் கொடுத்தவரின் புத்தித் தெளிவு போனதும் பவரும் போய்விடும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் விதி. அப்போது மனைவியே ஆனாலும் கணவர் பெயரில் உள்ள சொத்தை விற்று வைத்தியம் பார்க்க முடியாது. 2024இல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவி, சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வரை போய்த்தான் கணவரின் சொத்தை விற்கும் அனுமதியை வாங்கினார். அதனால் மருத்துவச் செலவுக்கான பணமாவது, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படியான கூட்டுக் கணக்கில் இருக்கட்டும். மீள வழியே இல்லாத நிலையில் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் அதை எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது.

இதையெல்லாம் வீட்டில் எப்படி ஆரம்பிப்பது? பிள்ளை ஆரம்பித்தால் 'எப்போ போவேன்னு காத்திருக்கியா' என்று கேட்கத் தோன்றும். எங்கள் வீட்டில் நான் பத்திரங்களைத் தேடுவதிலிருந்து ஆரம்பித்தேன். "மூலப் பத்திரம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டதும் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், வீட்டு வரி ரசீது, கூட்டுறவு வங்கி டெபாசிட் ரசீது ஒன்று, அது முதிர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி முடிப்பதற்குள், "மலைக்குப் பக்கத்து மனை உன் தங்கச்சிக்குன்னு நெனச்சிருக்கேன்" என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

அந்த மஞ்சள் பை அம்மாவின் பத்திரத்தை அன்றைக்குக் கடைசிப் பக்கம்வரை வாசித்தோம். நான்காம் பக்கத்தில், 'எனது இறுதிக்காலம் வரை உணவு, உடை, வைத்தியம் முதலியன செய்து காப்பாற்றி வர வேண்டியது' என்று எழுத்தர் பழக்கத்தில் எழுதிய ஒரு வரி இருந்தது. அதை அடிக்கோடிட்டு ஆர்.டி.ஓ.வுக்கு மனு எழுதினோம். மூன்று வாய்தா. மகன் முதல் வாய்தாவுக்கு வரவே இல்லை. கடைசியில் பத்திரம் ரத்தாகி, வில்லங்கச் சான்றிலும் அது பதிவானது.

பிறகு ஒருநாள் உயில் எழுத வந்தார். வீட்டை யாருக்கு என்று கேட்டேன். "பெரியவனுக்குத்தான்" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அவன் பண்ணதுக்கு அவன் புள்ளைங்க என்ன பண்ணும் தம்பி? ஆனா இந்தத் தடவை நீ முழுசாப் படிச்சுக் காட்டு." முழுவதையும் வாசித்தேன். 'என் ஆயுளுக்குப் பிறகு' என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அப்புறம்தான் கட்டை விரலை மைப்பெட்டியில் வைத்தார்.